மூச்சு விட்ட பிள்ளைகள்

மரியன்ஃபெல்ட், கான்சாஸ்
12 அக்டோபர் 1975

அன்புள்ள தங்கை சபீனாவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குத் துதி உண்டாவதாக.

நான் நலம். முழங்கால் தவிர மற்றதெல்லாம் இன்னும் என் சொல் கேட்கிறது. உன் கண்புரை எப்படி இருக்கிறது, யாக்கோபின் காது எப்படி இருக்கிறது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஞாயிறு பூசைக்குப் போகிறார்களா என்று எழுது. கடைசிக் கேள்விக்குச் சென்ற முறையும் நீ பதில் எழுதவில்லை.

அடுத்த ஆகஸ்ட் முதல் தேதி நம் ஊருக்கு நூறு வயது. வோல்கா ஆற்றங்கரையிலிருந்து வந்து இறங்கிய பதினான்கு குடும்பங்களிலிருந்தும் குடும்பத்துக்கு ஒரு பேத்தி மரச்சிலுவையின் கீழே நிற்க வேண்டும் என்று பங்குச் சாமியார் லியாண்டர் பிரசங்கத்தில் சொன்னார். பாட்டி ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும். அவரைப் பற்றி ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். ஒரு பக்கம்தான். அதற்கு மேல் போனால் அறுவடை முடித்துக் களைத்தவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள் என்கிறார். அவருக்கு முப்பத்துநான்கு வயது. கிதார் வாசித்துக்கொண்டு பூசை வைக்கிறவர். நூறு வருடத்தை ஒரு பக்கத்தில் அடக்கலாம் என்று நினைப்பதில் வியப்பில்லை.

நம் குடும்பத்துக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். நீ ஊரை விட்டுப் போய் நாற்பது வருடமாகிறது. வேறு யார் இருக்கிறார்கள்?

பக்கத்து வீட்டு பவுலினா தன் பாட்டியின் ராட்டையைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறாள். அந்தப் பாட்டி இங்கே இறங்கிய அன்றே திரும்பிப் போய்விடலாம் என்று தரையில் உட்கார்ந்து அழுதவள். ஆனால் ராட்டை பெரியது. தூரத்திலிருந்தே தெரியும்.

எனக்கு நம் பாட்டியின் செம்புக் குவளை வேண்டும். பேறு பார்க்கப் போன இடத்தில் பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால் அவர் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிய குவளை. அது உன்னிடம் இருக்கிறது. அது எப்படி உன்னிடம் வந்தது என்று நான் இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. பொதி கட்டி அனுப்பு.

கர்த்தர் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

உன் அக்கா
ஒட்டிலியா டிராய்லிங்


போர்ட்லண்ட், ஆரிகன்
9 நவம்பர் 1975

அன்புள்ள அக்காவுக்கு,

என்றென்றைக்கும்.

நாங்கள் நலம். இங்கே மூன்று வாரமாக மழை. துணி காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கிறது. என் வலது கண்ணை ஜனவரியில் அறுக்கிறார்களாம். அதனால் கையெழுத்துக்கு மன்னியுங்கள். உங்கள் முழங்காலுக்கு வாத்துக் கொழுப்புத் தடவிப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தை யாக்கோபின் காதுக்குள் கத்திப் படித்தேன். "ஒரு பக்கந்தானா? உங்க அக்காவுக்கா? பேர் சொல்லி முடிக்கவே ஒரு பக்கம் வேணுமே" என்றார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு உங்கள் மேல் எப்போதும் மரியாதை.

நீங்கள் வாசிப்பதுதான் சரி. உங்களைப் போல யார் எழுத முடியும்?

குவளை என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. பழசாகிவிட்டது. தபாலில் நசுங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பேரன் அதை நன்றாகப் படம் எடுத்துப் பெரிதாக்கித் தருகிறேன் என்கிறான். படம் போதுமா?

தேவதாய் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

சபீனா


மரியன்ஃபெல்ட்
20 நவம்பர் 1975

அன்புள்ள சபீனாவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குத் துதி உண்டாவதாக.

உன் கண்ணுக்காக ஒன்பது நாள் செபம் தொடங்கியிருக்கிறேன். வாத்துக் கொழுப்பு நாறுகிறது. இருந்தாலும் தடவினேன்.

படம் போதாது. பவுலினா ராட்டையோடு நிற்கும்போது நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டா நிற்பேன்? புகைக்கூண்டு வழியாகப் பாட்டியோடு எட்டடி கீழே விழுந்த குவளை தபாலில் நசுங்காது.

நீ கொடுக்கத் தயங்குவது எனக்குப் புரியாமல் இல்லை. நமக்கு அம்மா இல்லை. பாட்டிதான் இரண்டு பேரையும் வளர்த்தார். பன்னிரண்டு வயதில் என்னைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் அங்கே வெள்ளைக் காலர் மாட்டி, கேட்டால்தான் பேச வேண்டும், மணி அடித்தால்தான் சாப்பிட வேண்டும் என்று நான்கு வருடம் இருந்தேன். அந்த நான்கு வருடமும் நீ அவரோடு வண்டியில் ஊர் ஊராகப் போனாய். அவர் கட்டிலில் தூங்கினாய். கோடை விடுமுறைக்கு நான் வந்தால் நீங்கள் இருவரும் எதையோ பேசிக்கொண்டிருந்து சட்டென்று நிறுத்துவீர்கள். நான் அதை மறக்கவில்லை.

நான் எழுதிய பக்கத்தை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். குறை இருந்தால் சொல். இருக்காது.

*"மர்கரேத்தா வாஸிங்கர் இருபத்தாறு வயதில் இந்த மண்ணில் இறங்கினார். வீடு கட்டுமுன் ஆண்கள் சிலுவை நட்டார்கள். கிணறு தோண்டுமுன் கல்லறைக்கு வேலி போட்டார்கள். ஏனென்றால் வழியிலேயே மூன்று பேர் இறந்திருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் எல்லோரும் தரையைத் தோண்டிய குழிவீடுகளில் இருந்தபோது பனி கதவுகளை மூடிவிட்டது. ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. குவளையை இடுப்பில் கட்டிக்கொண்டு, புகைக்கூண்டு வழியாகக் கயிற்றில் இறங்கினார் மர்கரேத்தா. கயிறு அறுந்தது. குவளை ஒடுங்கியது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சாமியார் பதினைந்து மைலுக்கு அப்பால் இருந்த அந்த நாட்களில், பிழைக்காது என்று தோன்றிய பிள்ளைகளுக்கு அவரே ஞானஸ்நானம் கொடுத்தார். முப்பத்தொரு பிள்ளைகள் அவர் கையால் வேலிக்கு உள்ளே, மந்திரித்த மண்ணில் இடம் பெறும் உரிமை பெற்றார்கள். அவர் வாயில் பொய் என்ற ஒன்று பிறந்ததே இல்லை."*

முப்பத்தொன்றாவது என் மகன். உன் யாக்கோபுதான் ஞானத்தந்தை என்று பேசி வைத்திருந்ததால் நம் வழக்கப்படி அவர் பெயரையே பாட்டி அவனுக்குச் சூட்டினார். ஒரு மூச்சு விட்டான்; மூச்சு விட்ட பிள்ளைக்குத்தானே ஞானஸ்நானமும், வேலிக்கு உள்ளே இடமும். அதன் பிறகு எனக்கு வேறு பிள்ளை இல்லை. உனக்குப் பேரப்பிள்ளைகளே ஒன்பது பேர். என்னிடம் இருப்பது அந்த ஒரு மூச்சு. அந்தக் குவளையைக் கையில் பிடிக்க எனக்கு உரிமை இருக்கிறது.

யாக்கோபுக்கு என் ஆசீர்.

ஒட்டிலியா


போர்ட்லண்ட்
4 ஜனவரி 1976

அன்புள்ள அக்காவுக்கு,

என்றென்றைக்கும்.

புத்தாண்டு வாழ்த்துகள். நீண்ட ஆயுளும், மனச்சமாதானமும், பிறகு மோட்சமும் கிடைக்கட்டும். சின்ன வயதில் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லி மிட்டாய் வாங்கினோமே. இங்கே யாருக்கும் அந்த வழக்கம் தெரியாது. நான் யாக்கோபிடம் சொல்லி ஒரு மிட்டாய் வாங்கிக்கொண்டேன்.

கண் வைத்தியம் இருபதாம் தேதி.

பக்கம் மிக நன்றாக இருக்கிறது. புகைக்கூண்டு வரும் இடத்தை யாக்கோபுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். குவளையை வசந்த காலத்தில் அனுப்புகிறேன், கண் தெளிந்ததும் நானே கட்டி.

ஒன்றே ஒன்று அக்கா. கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். காரணம் கேட்காதீர்கள்.

தேவதாய் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

சபீனா


மரியன்ஃபெல்ட்
11 ஜனவரி 1976

சபீனாவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குத் துதி உண்டாவதாக.

உன் கண் வைத்தியம் நல்லபடி முடிய வேண்டுகிறேன்.

காரணம் கேட்கிறேன். "எடுத்துவிடுங்கள்" என்றால் என்ன பொருள்? பாட்டி பொய் சொன்னார் என்றா? எப்போது? யாரிடம்? எதைச் சொல்கிறாயோ அதைத் தெளிவாகச் சொல். சொல்ல முடியாவிட்டால் செத்தவர் மேல் கறை பூசாதே. நான் மடத்தில் கற்றுக்கொண்டது அது.

எனக்குத் தோன்றுவதை நானே எழுதிவிடுகிறேன். சிலுவைக்குக் கீழே நான் நிற்கப் போகிறேன் என்பதை உன்னால் பொறுக்க முடியவில்லை. "எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது" என்று இன்றைக்கும் காட்ட வேண்டும் உனக்கு. வண்டியில் போனவள் நீ அல்லவா! என் மகன் வேலிக்கு உள்ளே இருக்கிறான், உன் மகள் வெளியே இருக்கிறாள் என்பது இத்தனை வருடமாக உன் மனதில் முள்ளாக இருக்கிறது என்றால், அந்தக் கோபத்தை ஆண்டவரிடம் சொல். பாட்டியின் மேல் காட்டாதே. என் பிள்ளை மூச்சு விட்டது பாட்டியின் குற்றமும் அல்ல, என் குற்றமும் அல்ல.

வாக்கியம் இருக்கும்.

ஒட்டிலியா


போர்ட்லண்ட்
15 மார்ச் 1976

ஒட்டிலியா,

உன் கடிதத்தை மாவு டப்பாவுக்குள் வைத்தேன். இரண்டு மாதம் அந்த டப்பாவைத் திறக்கவில்லை. கடையில் ரொட்டி வாங்கினோம். நேற்று யாக்கோபு திறந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். "எழுதிடு சபீனா. இன்னும் எத்தனை நாளைக்கு நான் இந்தக் கடை ரொட்டியத் திங்கிறது?" என்றார். எழுதுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. நீ மடத்தில் இருந்தாய். நானும் பாட்டியும் கொல்லையில் வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தோம். நான் கேட்டேன்: "பாட்டி, மூச்சு விட்டுச்சா இல்லியான்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

பாட்டி கையை நிறுத்தவில்லை. "விட்டா அது நெஞ்சுல தெரியும். விடலன்னா நம்ம நெஞ்சுல தெரியும்" என்றார். பிறகு சொன்னார்.

முதல் குளிர்காலத்தில் அவருக்கே ஒரு பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. மூச்சே விடவில்லை. வைக்கோலில் படுத்திருந்தார், கூட யாரும் இல்லை. வெளியே செபம் சொல்லும் மூப்பர் நின்று, "மர்கரேத்தா, மூச்சு விட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றால் வேலிக்கு வெளியே குழி. அங்கே இன்னும் ஓநாய் திரிந்த காலம். பாட்டி எழுந்தார். குவளையில் இருந்த பனிக்கட்டியை வாயில் போட்டு உருக்கித் திரும்பக் குவளையில் துப்பி, அதை ஊற்றினார். "விட்டுச்சு" என்றார்.

"அதுக்கப்புறம் எவ அழுதாலும் அந்த வார்த்தை தானா வந்துச்சுடி. ஒம்பது பிள்ளைக்குச் சொன்னேன். ஊத்தும்போதே எனக்குத் தெரியும், அது வெறும் தண்ணினு. பாவம் எனக்கு இருக்கட்டும், மண்ணு அதுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

1889இல் தியானம் கொடுக்க வந்த ஒரு சாமியாரிடம் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் தன் பாவமாக அறிக்கையிட்டிருக்கிறார். அவர் அதிர்ந்துபோய், ஞானஸ்நானம் என்ற தேவதிரவிய அனுமானத்தை வைத்து விளையாடினாயா என்று கேட்டு, இனிமேல் செய்ய மாட்டேன் என்று மரச்சிலுவையைத் தொட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டார். பாட்டி சத்தியத்தைக் காப்பாற்றினார். மூச்சு விடாத பிள்ளைகள் வேலிக்கு வெளியே போனார்கள். தாய்மார்கள் திட்டினார்கள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். உன் பக்கத்தில் அதுவும் இல்லை.

வாத்து இறகு பிடுங்கிய அன்று அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு, வெகுநாள் கழித்து, ஒரே ஒரு முறை அந்தச் சத்தியத்தை மீறினார். அதை நான் எழுத மாட்டேன்.

நீ சொன்னது சரி. எனக்கு முள் இருக்கிறது.

சபீனா


மரியன்ஃபெல்ட்
28 மார்ச் 1976

சபீனா,

இயேசு கிறிஸ்துவுக்குத் துதி உண்டாவதாக.

நீ 'என்றென்றைக்கும்' என்ற பதில் துதியும் எழுதவில்லை, மரியாதையும் எழுதவில்லை, கண் எப்படி இருக்கிறது என்றும் எழுதவில்லை. முதல் இரண்டையும் விட்டுவிடுகிறேன். கண்ணைப் பற்றி எழுது.

உன் கடிதம் வந்த மறுநாள் லியாண்டரிடம் சாவி வாங்கிப் பதிவேட்டைப் பார்த்தேன். மருத்துவச்சி கையால் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம் முப்பத்தொன்று. அவருக்கும் எண்ணிக் காட்டினேன். 1889க்கு முன் இருபத்தொன்பது. பிறகு இரண்டே இரண்டு.

ஒன்று, 1902இல் கஸ்பார் ஷ்மிட். சாகப் போகிறான் என்று தண்ணீர் ஊற்றினார்கள். அவனுக்கு இப்போது எழுபத்துமூன்று வயது. ஞாயிறுதோறும் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்து இருமுகிறான். அவன் மூச்சு விடுவது ஊர் முழுக்கக் கேட்கும்.

இன்னொன்று, 19 மார்ச் 1927. யாக்கோபு டிராய்லிங்.

பதிவேட்டை மூடிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். "என்னம்மா, முகம் வெளுத்திருக்கு, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் லியாண்டர். வேண்டாம் என்றேன்.

அன்று குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ. உன் கை எனக்குத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்வி. அவன் நெஞ்சு அசைந்ததைப் பார்த்தாயா?

என் மேல் இரக்கப்பட்டு எழுதாதே.

ஒட்டிலியா


போர்ட்லண்ட்
22 ஏப்ரல் 1976

ஒட்டிலியா,

என்றென்றைக்கும்.

உயிர்ப்புத் திருநாள் முடியட்டும் என்று காத்திருந்தேன். கண் தெளிந்துவிட்டது. இந்தக் கடிதத்தை வலது கண்ணால் எழுதுகிறேன்.

இல்லை. பார்க்கவில்லை.

அன்று உன் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது பாட்டிதான் வண்டி ஓட்டினார். பாதி வழியில் குதிரையை நிறுத்தினார். நல்ல வெயில், கோதுமை அப்போதுதான் பச்சை கட்டியிருந்தது.

"நீ பாத்தியாடி, மூச்சு விட்டத?"

"இல்ல பாட்டி."

"நானும் பாக்கல." கடிவாளத்தை மடியில் வைத்தார். "முப்பத்தெட்டு வருசம் காப்பாத்தினேன். இவகிட்ட முடியல. இவ எதையும் விதிப்படி செய்றவ. வேலிக்கு வெளிய போட்டா அவளே கூட நின்னு பாத்துட்டு, வீட்டுக்குப் போயி ஒடைஞ்சு போயிடுவா. அவ தாங்க மாட்டா. நீ தாங்குவே. வாய மூடிக்கோ."

மூடிக்கொண்டேன்.

அடுத்த வருடம் நவம்பர் ஆறாம் தேதி எனக்கு வலி கண்டது. பாட்டிக்கு எழுபத்தெட்டு வயது. வேறு யாரையும் உள்ளே விடவில்லை. பெண் பிள்ளை. முடி நிறைய இருந்தது. பாட்டி குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். எனக்கு மூச்சு என்றால் என்னவென்று அவரே கற்றுக்கொடுத்திருந்தார்.

"ஒங்கிட்ட நான் எப்படிடி விட்டுச்சுன்னு சொல்லுவேன்" என்றார். குவளையைக் கீழே வைத்தார்.

அதன் பிறகு அவர் அதை எடுக்கவே இல்லை. பேறு பார்க்கவும் போகவில்லை. "இது எனக்கு வேணாம், நீ வச்சுக்கோ" என்றார். குவளை எனக்கு எப்படி வந்தது என்று நீ கேட்காமலே இருந்தாயே. இப்படித்தான் வந்தது.

பெரியம்மை வந்தது போல ஊரே விலகி நின்றபோது, யாக்கோபு ஆணி வைக்கும் ஒரு மரப்பெட்டியில் அவளை வைத்துத் தூக்கிப் போனார். வேலிக்கு வெளியே, வடகிழக்கு மூலைக் கல்தூணிலிருந்து அவர் காலால் ஏழு அடி. இரண்டு நாள் கழித்து நீ நூடுல்ஸ் சூப் கொண்டுவந்தாய். என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுதலாகத்தான் சொன்னாய்: "என் பிள்ளையாவது ஒரு மூச்சு விட்டான். உனக்கு அதுவும் இல்லாம போச்சே."

நான் சூப்பைக் குடித்தேன்.

நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாய், நான் அவர் பக்கத்தில் இருந்தேன் என்று. நான் உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், ஒரு பொய்க்காக. அவர் அதை உனக்குக் கொடுத்தார், எனக்குக் கொடுக்கவில்லை.

குவளை இன்று தபாலில் வருகிறது. பழைய கம்பளிச் சட்டையில் சுற்றியிருக்கிறேன். நீயே பிடித்துக்கொண்டு நில்.

சபீனா


போர்ட்லண்ட்
20 ஜூன் 1976

அன்புள்ள ஒட்டிலியா,

என்றென்றைக்கும். ஆனால் நீ முதலில் சொல்லாததற்கு நான் பதில் சொல்கிறேன்.

பொதி வந்ததா? தபால்காரரிடம் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள் என்கிறார். யாக்கோபு தினமும் காலையில் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்துக் காட்டுகிறார். அங்கே அறுவடை தொடங்கியிருக்குமே. முழங்கால் வலியோடு வெயிலில் நிற்காதே.

கோபமாக இருந்தால் கோபமாகவாவது எழுது.

சபீனா


மரியன்ஃபெல்ட்
2 ஆகஸ்ட் 1976

அன்புள்ள சபீனாவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குத் துதி உண்டாவதாக.

பொதி ஏப்ரலிலேயே வந்தது. கம்பளிச் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

மூன்று மாதம் எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன். என் மகனை நினைத்து அழுதேன் என்று நீ நினைத்திருப்பாய். அழுதேன். ஆனால் எழுதவிடாமல் செய்தது அதுவல்ல. "அவ தாங்க மாட்டா, நீ தாங்குவே." அந்த வார்த்தைதான். பிள்ளை மூச்சு விடவில்லை என்று தெரிந்த பிறகும், பாட்டி உன்னைத்தான் உறுதியானவள் என்று நினைத்தார் என்பதுதான் எனக்கு முதலில் வலித்தது. எழுபத்துமூன்று வயதில் இப்படி. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

தாங்கிவிட்டேன் என்று சொல்ல அவர் இல்லை. உன்னிடம் சொல்கிறேன்.

நேற்று விழா. காற்று அதிகம். பவுலினாவின் ராட்டை தானாகவே சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாம் அதையே பார்த்தன. அவள் என் கையைப் பார்த்து, "இதானா ஒட்டிலியா அந்தக் குவளை? இவ்ளோ சின்னதா? ஒரு வாய் காப்பிக்குக் காணாதே" என்றாள். "இதுல இருந்தத யாரும் குடிக்கல பவுலினா, உச்சந்தலையில வாங்கிக்கிட்டாங்க" என்றேன். அவள் ராட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

என் முறை வந்தது. புகைக்கூண்டு வரை அப்படியே வாசித்தேன். கடைசி வாக்கியத்தை வாசிக்கவில்லை. அதற்கு முந்தின வாக்கியத்தில் "முப்பத்திரண்டு பிள்ளைகள்" என்று வாசித்தேன். தாளில் முப்பத்தொன்று என்றுதான் இருந்தது.

சாப்பாட்டு மேசையில் லியாண்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, பதிவேட்டுல முப்பத்தொண்ணுன்னு நீங்கதானே எண்ணிக் காட்டினீங்க?"

"ஒண்ணு விட்டுப் போச்சு ஃபாதர். 1928 நவம்பர் ஆறு. என் தங்கச்சியோட பொண்ணு."

"இப்பல்லாம் அத யாரும் பெருசா எடுத்துக்கறதில்லம்மா. கடவுள் இரக்கமுள்ளவர்."

"கடவுள் இரக்கமா இருக்கட்டும். பதிவேடு சரியா இருக்கணும்."

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். மூச்சு விட்டுச்சு. நான் பாத்தேன்."

என்னை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாதிரியார் தேதியைத் தப்பாகச் சொன்னால் பூசை நடுவில் திருத்துகிறவள் நான். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். நானே பக்கத்தில் நின்று எழுத வைத்தேன். மருத்துவச்சி மர்கரேத்தா வாஸிங்கர். சாட்சி ஒட்டிலியா டிராய்லிங்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும். முப்பது மைல் தள்ளி வேறு ஊருக்குப் போகிறேன். லியாண்டருக்கு என் குரல் தெரியும். அந்தச் சாமியார் சத்தியம் வாங்கினால் கொடுப்பேன். எனக்கு இனி ஒரு முறை தேவைப்படாது.

இன்று காலை கஸ்பாரை இழுவை வண்டியோடு வரச் சொன்னேன். கல்லறை வேலியின் மூலைக் கல்தூணைப் பிடுங்கி, யாக்கோபின் காலுக்கு ஏழு அடி என்றாயே, என் காலால் எட்டு வந்தது, பத்தடி தள்ளி நட்டான். கம்பியை இழுத்துக் கட்டினான். "எதுக்கு ஒட்டிலியா இந்த வேலை, அங்க ஒண்ணுமே இல்லியே?" என்று இருமினான். "நீ பேசாம நடு. நீ மூச்சு விட்டதுக்கு இது ஒண்ணாவது செய்" என்றேன்.

பதிவேட்டில் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது. பிள்ளையின் பெயர். லியாண்டர் கேட்டார். நான் அவளுக்கு ஞானத்தாயாக இருந்திருக்க வேண்டியவள் என்று மங்கலாக நினைவிருக்கிறது. பெயர் எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அங்கே இருந்தவளுக்குப் பெயர் தெரியாதது எப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

பெயரைச் சொல். என்னை நீ என்றே கூப்பிடு. நான் மடத்துக்குப் போவதற்கு முன் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

உன் அக்கா
ஒட்டிலியா


போர்ட்லண்ட்
9 ஆகஸ்ட் 1976

அன்புள்ள அக்கா,

என்றென்றைக்கும்.

நாங்கள் நலம். உன் முழங்காலைக் கவனி. எட்டடி நடந்து அளக்க உனக்கு யார் சொன்னது?

கடிதத்தை யாக்கோபுக்குக் கத்திப் படிக்க முடியவில்லை, கையில் கொடுத்தேன். படித்துவிட்டுக் கொல்லைக்குப் போய் விறகு பிளந்தார். போதுமான விறகு ஏற்கெனவே இருந்தது. உள்ளே வந்து, "நீயே சொல்லிடு" என்றார்.

குவளை உன்னிடமே இருக்கட்டும். கிறிஸ்துமஸ் வரைக்கும். பிறகு எனக்கு அனுப்பு. கம்பளிச் சட்டையிலேயே சுற்றி அனுப்பு.

பெயர் கேட்டாய். உனக்கு மங்கலாக நினைவிருக்கிறது, எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அந்த வருடம் செப்டம்பரில் நூடுல்ஸ் உருட்ட வந்திருந்தாய். ஞானத்தாயாக இருக்கிறாயா என்று கேட்டேன். கை முழுக்க மாவு. என் நெற்றியில் மாவால் சிலுவை போட்டு, சரி என்றாய். அப்புறம் நம் வழக்கத்தில் பிள்ளைக்கு வேறு எந்தப் பெயர் வரும்? இத்தனை வருடம் கடித உறையில் உன் பெயரை எழுதிய போதெல்லாம் அவளையும் சேர்த்துத்தான் கூப்பிட்டேன். உன் மேல் கோபமாக இருந்த நாட்களிலும்.

லியாண்டரை எழுத விடாதே. உன் கையெழுத்து நன்றாக இருக்கும். பெயரை நீயே எழுது: ஒட்டிலியா.

சபீனா